பாம்புப் பெண்ணும் மூன்று துறைமுகங்களும்

பி.காம். படித்து வங்கியில் சேர்ந்த எனக்கும் ஆங்கிலக் கவிதைக்கும் ரொம்ப தூரம். விழிஞ்ஞத்துக்கு மாற்றலாகி வந்தபின் மகள் ஆங்கில இலக்கியத்தில் சேர்ந்தாள். இப்போது சாப்பாட்டு மேசையிலும் கீட்ஸ்தான்.

அவள் சொன்ன கதை 'லாமியா'. 1819-ல் எழுதி 1820-ல் வெளிவந்தது. பாம்பாயிருந்தவள் பெண்ணாகி, கொரிந்து நகரத்து லிசியஸை விரும்புகிறாள். கல்யாண விருந்துக்கு அழைக்காமலே வரும் அவனுடைய குரு அப்பொல்லோனியஸ் அவளை உற்றுப் பார்த்து, பாம்பு என்று சொல்லிவிடுகிறார். அவள் மறைகிறாள், அன்றிரவே அவனும் சாகிறான்.

கீட்ஸுக்கு இந்தக் கதை கிடைத்தது ராபர்ட் பர்ட்டன் 1621-ல் வெளியிட்ட புத்தகத்தில். பர்ட்டன் எடுத்தது 3-ஆம் நூற்றாண்டுக் கிரேக்க எழுத்தாளர் பிலோஸ்ட்ரேட்டஸிடமிருந்து. அவரிடம் அவள் இளைஞர்களைத் தின்னும் பேய். அதற்கும் முந்தைய புராணத்தில் லாமியா லிபியா நாட்டு அரசி. ஹீரா தேவியின் பொறாமையால் பெற்ற பிள்ளைகளைப் பறிகொடுத்து அரக்கியானவள். ஆக, அடியில் இருப்பது விஷம் இல்லைங்க, புத்திரசோகம்.

இன்னொன்றும் கவனித்தேன். பிலோஸ்ட்ரேட்டஸ் கதையில் அவள் அவனைச் சந்திப்பது கெங்கிரேயா துறைமுகத்துக்குப் போகும் சாலையில். தன்னை பினீசியாக்காரி என்கிறாள். அதாவது, வெளியூர்க்காரி! நம்ம மணிமேகலையிலும் நாகநாட்டு இளவரசி பீலிவளையைச் சோழ மன்னன் காண்பது புகார்க் கடற்கரைச் சோலையில்தான். ஒரு மாதம் இருந்துவிட்டுச் சொல்லாமல் போய்விடுகிறாள். பிறகு அவள் அனுப்பிய குழந்தை வந்த கப்பல் உடைகிறது. மகனைத் தேடித் திரிந்த மன்னன் இந்திரவிழாவை மறக்க, ஊரையே கடல் கொள்கிறது.

மூன்றாவது துறைமுகம் 2025 மே மாதம் திறப்புவிழா கண்ட எங்கள் விழிஞ்ஞம். இந்தப் பக்கம் பழைய தறவாடுகளில் தோட்டத்து மூலையைச் சர்ப்பக்காவுக்கு விட்டுவிடுவார்கள். அங்கே நாகராஜாவோடு நாகயட்சியும் உண்டு. சர்ப்பம் துள்ளலில் புள்ளுவர் பாட, பெண்கள் பாம்பாகவே ஆடுவார்கள். ஹரிப்பாடு மண்ணாறசாலையில் தலைமைப் பூசாரியே ஒரு பெண்.

"பாம்புன்னு தெரிஞ்சதும் போயிட்டா. தெரிஞ்சும் இருன்னு ஒருத்தர் சொல்லியிருந்தா?" என்றாள் மகள். பிழைக்கப் போன ஊரில் பேச்சை வைத்து, பெயரை வைத்து உற்றுப் பார்க்கப்பட்ட நம்மில் யாருக்கும் அந்தக் கேள்வி புரியும்.

வீட்டுக்கடனுக்கு இடம் பார்க்கப் போகும்போது, ஐந்து சென்ட்டில் காவுக்கு எங்கே சார் இடம் என்கிறார்கள். நியாயம்தான். ஆனாலும் மரம் அடர்ந்த அந்த மூலை வெறும் பாம்புக்காக விட்டதாக எனக்கு இப்போது தோன்றவில்லை. நம்மைப் போல் இல்லாதவளும் இங்கேயே இருக்கட்டும் என்று யாரோ அளந்து விட்ட இடம் அது.