கலப்பை

அப்பாவின் ஜிப்சியில், டாஷ்போர்டுப் பெட்டிக்குள், ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதிய பட்டியல் இருக்கிறது. ‘டிசம்பர்’ என்று தலைப்பு. கீழே பதினொரு பொருட்கள். இழுவைக் கயிறு, ஜாக்கி, சேற்றில் ஜாக்கி புதையாமல் இருக்க அடியில் வைக்கும் பலகை, பிளக் ஸ்பேனர், மாற்றுப் பிளக்குகள், ஃபேன் பெல்ட், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டார், டார்ச், மண்வெட்டி, ரப்பர் கையுறை.

கையுறை கைக்கு அல்ல. இன்ஜினில் நான்கு சிலிண்டர். பிளக்குகளுக்குப் போகும் ஒயர் நான்கு, காயிலிலிருந்து வருவது ஒன்று. பாத்திரம் கழுவும் கையுறையின் விரல் நுனிகளை வெட்டி, ஐந்து விரல்கள் வழியாக ஐந்து ஒயர்களையும் விட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடிமேல் மாட்டிவிட்டால் தெறிக்கும் தண்ணீர் உள்ளே போகாது. கார்பரேட்டர் காலத்து வண்டிகள் மழையில் நின்றுபோவது பெரும்பாலும் அங்கே ஈரம் புகுந்துதான்.

அப்பா ஒவ்வொரு டிசம்பரிலும் நண்பர்களோடு மலைக்குப் போவார். கொடைக்கானல், வால்பாறை, ஊட்டி. போவதற்கு முந்தைய இரவு முழுக்க அம்மா சமையலறையில் நிற்பார். சப்பாத்தி, புளியோதரை, ஃப்ளாஸ்க், ஸ்வெட்டர், மஃப்ளர், இருமலுக்குச் சுக்குப்பொடி. அப்பாவின் பட்டியலில் இவை எதுவும் இல்லை. தானாக வண்டியில் ஏறிக்கொள்ளும் பொருட்களை யாராவது எழுதிவைப்பார்களா?

வகுப்பில் நான் கூதிர் காலம் பற்றிப் பாடம் எடுக்கிறேன். ஐப்பசியும் கார்த்திகையும். நெடுநல்வாடையில் அந்தக் குளிரில் அரசன் பாசறையில் இருக்கிறான், அரசி அரண்மனையில் காத்திருக்கிறாள். பயணம் அவனுக்கு, வாடை அவளுக்கு. பல வருடம் இதைத் திணை இலக்கணமாகவே நடத்தினேன். எங்கள் வீட்டுச் சமையலறை நினைவுக்கு வந்ததே இல்லை.

அப்பா போன பிறகு வண்டியை விற்றுவிடலாம் என்று அண்ணன் சொன்னான். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். புதுப்பேட்டைக்கு உதிரிப்பாகம் வாங்கப் போனால், “சார் வரலையா மேடம்?” என்றுதான் பேச்சு தொடங்கும். ஜிப்சிக்குத் தரையிலிருந்து உயரம் 210 மில்லிமீட்டர். அதைச் சொல்லி, “எவ்வளவு தண்ணி வரைக்கும் இறங்கலாம்?” என்று கேட்டபோது ஒரு மெக்கானிக் மட்டும் என் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார். “சக்கரத்தோட நடுப்பகுதி வரைக்கும் போங்க. அதுக்கு மேல உங்க தைரியம் உதவாது.” லோ ரேஞ்சில் முதல் கியர், நடுவில் கியர் மாற்றக் கூடாது, வெளியே வந்ததும் பிரேக்கை லேசாக மிதித்துக் காயவைக்க வேண்டும். தண்ணீருக்குள் இன்ஜின் நின்றால் மறுபடி சாவியைத் திருப்பவே கூடாது. காற்று போகும் வழியில் தண்ணீர் போயிருந்தால், அதை அழுத்த முடியாமல் பிஸ்டனின் கம்பி வளைந்துவிடும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். மெதுவாகப் போவதற்கு இன்னொரு காரணத்தைப் பிறகு நானே கண்டுகொண்டேன். பெரிய வண்டிகள் வேகமாகப் போனால் எழும் அலை, சாலையோர வீட்டு வாசல்களுக்குள் போய் விழுகிறது.

2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்தார்கள். இரவில் அடையாறு கரை ஏறியது. அன்று நான் இந்திரா நகரில் ஒரு தோழி வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை அவளும் நானும் கோட்டூர்புரம் பக்கம் போனோம். ஆற்றை ஒட்டிய குடியிருப்புகளில் தரைத்தளம் மூழ்கியிருந்தது. தண்ணீர் வடிந்திருந்த தெருமுனை வரைதான் எங்களால் போக முடிந்தது. அங்கிருந்து பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றி, முகாமாக இருந்த ஒரு பள்ளியில் இறக்கிவிட்டோம். பின்னால் எதிரெதிரே இரண்டு பெஞ்சு. ஒரு நடைக்கு எட்டு ஒன்பது பேர்.

அப்பாவின் பதினொரு பொருட்களும் வண்டியில் இருந்தன. வண்டி ஒருமுறைகூட நிற்கவில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

மூன்றாவது நடையில் என் வயதுப் பெண் ஒருத்தி ஏறாமல் நின்றாள். சீட்டு ஈரமாகிவிடும் என்றாள். எல்லாமே ஈரம்தானே, ஏறுங்கள் என்றேன். அவள் குரலைத் தாழ்த்தி, “அது இல்லக்கா” என்றாள். நேற்று மாலையிலிருந்து மொட்டை மாடியில். மாற்றுத்துணி கீழே, தண்ணீருக்குள். உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, “நாங்க யாரும் நேத்து ராத்திரிலருந்து தண்ணி குடிக்கலம்மா. குடிச்சா எங்க போறது? மாடி முழுக்க ஆம்பளைங்க” என்றார். குடிக்கக் கொடுத்த பாட்டில்களை அவர்கள் மடியில் வைத்துக்கொண்டிருந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

கயிறு இருந்தது, பலகை இருந்தது, ஃபேன் பெல்ட் இருந்தது. ஒரு நாப்கின் இல்லை. என் துப்பட்டாவைக் கழற்றிக் கொடுத்தேன். நானும்தான் காலையிலிருந்து தண்ணீர் குடித்திருக்கவில்லை. வெளியே போகும் நாளில் குடிக்காமல் இருக்கப் பள்ளிக்கூடத்திலேயே பழகிக்கொண்டவள். பழகியதாலேயே அதைப் பட்டியலில் சேர்க்கத் தோன்றவில்லை. அப்பாவின் சாப்பாட்டைப் போல.

அந்த வாரமே பத்திரிகையின் கீழே இருந்த வெற்றிடத்தில் எழுதத் தொடங்கினேன். நாப்கின், இரண்டு அளவில். மாற்று உள்ளாடை, நைட்டி, பிளாஸ்டிக் உறையில் கட்டி. மூடியுள்ள பக்கெட், அதற்குள் போடப் பைகளும் பழைய செய்தித்தாளும். மறைப்புக்குக் கனமான துணி. சோப்பு. குடிநீர், தாராளமாக. உப்புச் சர்க்கரைப் பொட்டலம், பொரி, கடலை உருண்டை. அன்று பல இடங்களில் போனும் ஏடிஎம்மும் வேலை செய்யாததால், பத்து இருபது ரூபாய்த் தாள்களும், கையால் எழுதிய பத்து தொலைபேசி எண்களும். நீளமான ஒரு கழி. வெள்ளத்தில் சாலையும் வடிகாலும் ஒன்றாகத் தெரியும். மூடி திறந்த குழியைக் காலால் தேடக் கூடாது. பெட்ரோலை கேனில் அடைத்து ஆட்கள் உட்காரும் வண்டிக்குள் வைப்பதில்லை. அக்டோபர் பிறந்தால் டேங்க் பாதிக்குக் கீழே இறங்க விடுவதில்லை.

அண்ணன் பார்த்துவிட்டுச் சிரித்தான். “ஜீப்பா, நடமாடும் கழிப்பறையா?” அவன் மலைக்குப் போகும்போது எந்த வளைவிலும் வண்டியை நிறுத்திக்கொள்வான். அதைச் சொன்னேன். பிறகு சிரிக்கவில்லை.

கலப்பை என்றால் மாணவிகள் ஏரைத்தான் நினைக்கிறார்கள். புறநானூற்றின் 206-ஆம் பாட்டில் அது கலங்களை வைக்கும் பை. பரிசில் தராமல் காலம் கடத்தும் அதியமானின் வாயிலில் நின்று, இசைக்கருவிகளைக் கட்டி எடுத்துக்கொண்டு, எந்தத் திசையிலும் எனக்குச் சோறு உண்டு என்று கிளம்புகிறார் ஔவை. அவர் பையை அவரே கட்டுகிறார். வழியில் தனக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். இப்போது நெடுநல்வாடை நடத்தும் வாரத்திலேயே இந்தப் பாட்டையும் சேர்த்து நடத்துகிறேன். பாடத்திட்டத்தில் இல்லை. பரவாயில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். மழை விட்ட மறுநாள், மேற்கு மாம்பலத்தில் தனியாக இருக்கும் சித்தியை அழைத்துவரக் கிளம்பினேன். மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகர் வழியாக. 1920-களில் மயிலாப்பூர் நீண்ட ஏரியைத் தூர்த்து உருவாக்கிய பகுதி அது. ஏரி இல்லை. லேக் வியூ ரோடு என்று மேற்கு மாம்பலத்தில் பெயர் மட்டும் இருக்கிறது. மழைக்காலத்தில் தண்ணீர் பழைய விலாசத்தைத் தேடி வருகிறது.

“இந்தத் தண்ணில பொம்பள தனியா போவியா?” என்றார் அம்மா. நான் ஷூவைக் கட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, “இரு, நானும் வரேன்” என்றார். இருபது வருடம் அந்த வண்டிக்கு மூட்டை கட்டியவர், முன் சீட்டில் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. பெல்ட் எங்கே மாட்டுவது என்று கேட்டார்.

சித்தி வீட்டில் கணுக்காலளவு தண்ணீர். கழிப்பறை வழியாகச் சாக்கடை திரும்பி வந்திருந்தது. சித்தி முதல் நாள் காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. வண்டியில் ஏற்றினோம். தெருவில் ஆட்கள் நின்றிருந்தார்கள். சித்தி ஒன்றும் சொல்லவில்லை. அம்மா திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு என் பையைத் திறந்து பக்கெட்டை எடுத்தார். நான் வைத்திருந்த மறைப்புத் துணியை உதறிப் பார்த்து, “இது பத்தாதுடி” என்றார். தன் கூடையிலிருந்து பழைய சுங்குடிப் புடவையை எடுத்து, இரண்டு பெஞ்சுக்கும் நடுவே கைகளை அகல விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். முதுகு வளைந்து, தலை கூரையில் இடித்தபடி. நான் இன்ஜினை ஓடவிட்டேன், சத்தத்துக்காக.

திரும்பும்போது சித்தி ஒரு பாட்டில் தண்ணீரை முழுதாகக் குடித்தார்.

மயிலாப்பூர் வந்து இறங்கியதும் புடவையை மடித்து எங்கே வைப்பது என்று பார்த்தேன். அம்மா வாங்கிக்கொண்டார். “தொவச்சுத் தரேன். வண்டிலயே இருக்கட்டும். அந்தச் சீட்டுல எழுதிக்கோ.”

பத்திரிகையில் இடமில்லை. ஓரத்தில் எழுதினேன்.