தள்ளாமல் சுற்றும் சக்கரம்

ஒன்றும் போடாமல் ஒன்று எடுக்கலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? 12-ஆம் நூற்றாண்டிலேயே பாஸ்கராச்சாரியார், ஆரங்களில் பாதரசம் அடைத்தால் தானே சுழலும் என்று ஒரு சக்கரத்தை வர்ணித்து வைத்தார். அவரை மோசக்காரர் என்று சொல்ல யார் துணிவார்கள்?

1813-இல் நியூயார்க்கில் ரெட்ஹெபர் என்பவர் காசு வாங்கிக்கொண்டு காட்டிய யந்திரம் வேறு ரகம். நீராவிக் கப்பல் புகழ் ராபர்ட் புல்ட்டன் அதைப் பார்க்கப் போனார். சக்கரம் ஒரே சீராகச் சுற்றவில்லை என்பதை அவர் காது கண்டுபிடித்துவிட்டது. பக்கத்துப் பலகையைப் பெயர்த்தார். உள்ளே ஒரு நரம்புக் கயிறு! அதைப் பிடித்துக்கொண்டே போனால், பரணில் ஒரு தாடிக்காரக் கிழவர் உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தாராம்.

ஸ்ரீரங்கத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர், பொன்மலை ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சைக்கிள் சக்கரத்தில் ஈயக் குண்டுகளைக் கட்டிக் கொல்லைத் தாழ்வாரத்தில் சுற்றவிடுவார். பத்துச் சுற்றுச் சுற்றும், நின்றுவிடும். "எண்ணெய் பத்தலை, ஸார்" என்பார். அடுத்த மாதம், "பேரிங் சரியில்லை, ஸார்." திரை கிடையாது, பூட்டுக் கிடையாது, யாரும் கழற்றிப் பார்க்கலாம். ஒருவரிடமும் ஒரு காசு வாங்கியதில்லை. ஆனால் பென்ஷனில் பாதி இரும்புக்கும் ஈயத்துக்கும் போயிற்று. சம்சாரத்தின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின.

"ஏமாத்துக்காரரா இருந்திருந்தா நாலு காசு வரும்படியாவது வந்திருக்கும்" என்றாள் அந்த அம்மாள் ஒருநாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தன்னை ஏமாற்றிக்கொள்கிறவனுக்கும் ஊரை ஏமாற்றுகிறவனுக்கும் நடுவே கோடு எங்கே? நாலு பேர் பார்க்க வந்த அன்று சக்கரம் நின்றுவிடுகிறது. 'இன்றைக்கு மட்டும்' என்று யாரும் பார்க்காமல் விரலால் ஒரு தள்ளு. கோடு அந்த விரல் நுனியில்தான் இருக்கிறது. பிட்டர் அதைத் தாண்டவே இல்லை.

பார்க்கிறவர்கள் சங்கதி வேறு. 1996-இல் ராஜபாளையம் பக்கத்து ராமர் பிள்ளை மூலிகையிலிருந்து பெட்ரோல் எடுப்பதாகச் சொன்னபோது, தமிழ்நாட்டில் பாதிப் பேர் நம்பத் தயாராக இருந்தார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் சோதித்தபோது அது தேறவில்லை. பிறகு வழக்கும் வந்தது. அப்போதும், 'எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் சதி' என்றவர்கள் உண்டு. அவர்களுக்கு அதில் லாபம் ஒன்றுமில்லை. நம் ஊர்ப் பையன் ஜெயிக்கவேண்டும் என்ற ஆசைதான்.

திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த சி. வி. ராமனுக்கும் ஆசை இல்லாமலா இருந்திருக்கும்? திரவங்களில் சிதறிய ஒளியில் வேறு நிறம் தலைகாட்டியது. 'திரவத்தில் அழுக்கோ?' என்று சந்தேகம். அவருடன் வேலை செய்தவர்கள் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்து பார்த்தார்கள். நிறம் போகவில்லை. 1928-இல் அது ராமன் விளைவாக உலகத்துக்குத் தெரிந்தது.

பிட்டரும் எண்ணெயை மாற்றினார், பேரிங்கை மாற்றினார். ஆனால் ஆசை பிழைப்பதற்காக மாற்றினார். ராமன் கூட்டத்தாரோ, கண்டது பொய்யென்றால் அன்றே சாகட்டும் என்று சுத்தம் செய்தார்கள். உராய்வு தின்றது போக மிச்சம்தான் கைக்கு வரும், போட்டதற்கு மேல் வராது என்பது பிட்டருக்குப் பட்டறையில் தெரிந்த கணக்கு. கொல்லைத் தாழ்வாரத்தில் மட்டும் மறந்துபோயிற்று.

அவர் யோக்கியர், சந்தேகமே இல்லை. வளையல்கள் மட்டும் திரும்பி வரவில்லை.