சுவரில் மூன்று முகங்கள்

"அம்மா, நான் கெட்ட பையனா?"

நான்கு வயது நிரம்பிய எங்கள் மகன் ஒருநாள் மாலை இவ்வாறு கேட்டபோது, நாங்கள் இருவருமே வாயடைத்துப் போனோம். அன்று காலைமுதல் விடாத மழை. வீட்டினுள் அடைந்து கிடந்த பிள்ளை பொம்மைகளை எறிந்தான், தங்கையைக் கிள்ளினான், காரணமின்றி அழுதான். "நல்ல பிள்ளை இப்படிச் செய்யாது" என்று பத்து முறையேனும் சொல்லியிருப்போம். கைப்பேசியைக் கொடுத்தோம், அடங்கினான். திரும்ப வாங்கியதும் முன்னிலும் பெரிதாய்க் கத்தினான். இறுதியில் ஓர் அடியும் விழுந்தது. அதன் பின்னரே அக்கேள்வி பிறந்தது.

மழை ஓய்ந்ததும் அவனை மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்றோம். தேங்கிய நீரில் குதித்தான், நொண்டியடித்தான், சுற்றிச் சுற்றி ஓடினான். அரைமணி கழித்துக் கீழே இறங்கியவன் வேறொரு பிள்ளையாக இருந்தான். அம்மாற்றத்தை நாங்கள் கண்டோம்; அவன் காணவில்லை. தன் உடலின் தவிப்பைத் தன் குணக்கேடு என்றே அவன் எண்ணியிருந்தான். எண்ணச் செய்தவர்கள் நாங்களே.

மறுநாள் மாடிப்படியின் அருகே, சுவரில் கரித்துண்டால் மூன்று முகங்களை வரைந்தோம்: சிரித்த முகம், அழுத முகம், சினந்த முகம். விளையாடப் போகுமுன் ஒன்றைத் தொடுவான். திரும்பி வந்ததும் ஒன்றைத் தொடுவான். நெஞ்சில் கைவைத்து, படபடவென்று அடிப்பது மெல்ல மெல்ல அடங்குவதைக் கவனிக்கச் சொல்வோம். "இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்போமேயன்றி, "இப்போது சந்தோஷம்தானே?" என்று விடையை அவன் வாயில் திணிப்பதில்லை. சில நாட்களில் அவனே சொன்னான்: "உள்ளே குதிச்சது வெளியே போயிடுச்சு!"

3, 4 வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்கு 180 நிமிடமேனும் உடலை அசைத்து இயங்கவேண்டும்; அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்குமளவு ஓடியாட வேண்டும்; திரைமுன் அமர்வது ஒரு மணி நேரத்தைத் தாண்டலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. அந்த மழைநாளில் எங்கள் மகனுக்குக் கிடைத்தது எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தோம், வெட்கமாயிருந்தது.

ஓட்டம் எல்லாத் துயருக்கும் மருந்தன்று. பாட்டி இறந்த வாரத்தில், நெடுநேரம் ஓடிவிட்டு வந்தும் அவன் அழுத முகத்தையே தொட்டான். நாங்கள் மறுத்துப் பேசவில்லை, மடியில் அமர்த்திக்கொண்டோம். ஓடினால் தீர்வது எது, ஓடியும் தீராதது எது என்று பிரித்தறிவதும் ஓர் அறிவே அல்லவா?

இப்போது அவனுக்கு ஆறு வயது. வெள்ளையடித்தபோது சுவரின் முகங்கள் மறைந்துவிட்டன. சென்ற வாரம் தங்கையை நோக்கிக் கை ஓங்கியவன், சட்டென்று நிறுத்தினான். "நான் மாடிக்குப் போயிட்டு வரேன்" என்று சொல்லிப் படியேறினான்.

அக்காலடி ஓசையைக் கேட்டபடி அமர்ந்திருந்த எங்களுக்கு அந்த மழைநாள் நினைவுக்கு வந்தது. அன்று காலைமுதல் அடைந்து கிடந்தவன் அவன் மட்டுமல்லன், நாங்களுந்தாம். அந்த அடி அவனுடைய குறும்பினால் மட்டும் விழுந்ததன்று.