இரயிலில் எழுந்த இசை

இரயில்வேயில் குமாஸ்தாவாகப் பணியாற்றும் எனக்குக் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளின் (1908–1980) வரலாற்றில் தனிப் பற்று உண்டு. வறுமையால் ஓடும் இரயிலில் பாடிப் பிழைத்த சிறுமி அவர். அக்குரலின் அருமையுணர்ந்து நாடக மேடைக்கு வழிகாட்டியவர் எஃப். ஜி. நடேசய்யர் என்னும் இரயில்வே அதிகாரியே என்பர்.

1933-இல் கணவர் எஸ். ஜி. கிட்டப்பா மறைந்தபோது அம்மையாருக்கு வயது 25. வெண்ணிற ஆடை பூண்டார். ஆடவருக்கு இணையாக நடிப்பதில்லை என உறுதி கொண்டார். 1935-இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே தோன்றினார். ஊதியம் 1 இலட்சம் ரூபாய். 1953-இல் ‘ஔவையார்’ வெளிவந்தது.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாடலிலிருந்து அரீதா ஃபிராங்கிளினின் இசை பிறந்தாற்போல, அம்மையாரின் இசை முருக பக்தியில் ஊறியது. உச்ச ஸ்தாயியிலும் சொல் சிதையாது. ஒலிபெருக்கியில்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் பொருள் எட்டப் பாடிப் பழகிய குரலன்றோ அது!

மகர்பட்டாவில் வளரும் என் மகள் மராத்தியிலேயே விளையாடுகிறாள், தமிழ் எழுத்தறியாள். ஆயினும் அம்மையார் பாடலைக் கேட்டு, ழகரம் பிழையாது சொல்கிறாள். ஏட்டின் வழியே நம்மால் தர இயலாததைச் செவியின் வழியே தரலாம். இல்லந்தோறும் நாளுக்கொரு பாடலேனும் ஒலிக்கட்டும்.