வோல்ட்டில் எழுதிய உடுக்கு

வைகாசி பிறந்தால் மட்டக்களப்பு, அம்பாறைக் கரைகளில் கண்ணகி அம்மன் கோயில்கள் கதவு திறக்கும். குளிர்த்திச் சடங்கு வரைக்கும் இரவுகளில் கண்ணகி வழக்குரை பாடப்படும். பாடுகிறவரின் குரலை உடுக்கு தாங்கிக்கொண்டு போகும். கைக்குள் அடங்குகிற வாத்தியம்தான். அதன் இடுப்பில் ஓடும் கயிற்றை ஒரு கை அழுத்தினால் இரு பக்கத் தோலும் இறுகி ஒலி மேலே ஏறும், விட்டால் இறங்கும். விரல் படும் கணத்தில் ஒரு 'டக்', அதன் பின்னால் வளைந்து போகிற ஒரு 'ஊம்'. அந்த வளைவுதான் உடுக்கு. அதைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது ஏதோ ஒரு சிறு பறை.

மொடியூலர் சிந்தசைசர் பழகியவர்களின் காதுக்கு இது உடனே பிடிபடும். அந்தக் கருவியில் முழு வாத்தியம் என்று முன்கூட்டி எதுவும் இருக்காது. ஒலியை எழுப்பும் ஒஸிலேட்டர், வேண்டாததைச் சீவி எடுக்கும் பில்டர், ஒலி எவ்வளவு வேகமாக எழுந்து எப்படி அடங்க வேண்டும் என்று சொல்லும் என்வலப் எல்லாம் தனித்தனிப் பெட்டிகளாகக் கிடக்கும். எதை எதோடு கேபிள் போட்டு இணைக்கிறோமோ அதுவே வாத்தியம்; அந்த இணைப்பைத்தான் பேட்ச் என்கிறார்கள். 'டக்'குக்கு ஒரு துளி இரைச்சல், 'ஊம்'முக்கு ஒரு சைன் அலை, வளைவுக்கு அந்த அலையின் சுருதியைத் தூக்கி இறக்கும் ஒரு வோல்ட்டேஜ். இவ்வளவுதான் சரக்கு.

வீரமுனையிலிருந்து இதை எழுதுகிறவர் உடுக்கு பேட்சை முதலில் செய்தது விசிவி ரேக்கில். ஆண்ட்ரூ பெல்ட் 2017இல் வெளியிட்ட மென்பொருள் அது. மொடியூல் அடுக்கிய இரும்புச் சட்டத்தை அப்படியே திரையில் காட்டும், அடிப்படைப் பதிப்புக்குக் காசும் இல்லை. உண்மையான மொடியூல்களை டொலர் கொடுத்து இறக்குமதி செய்வதை இந்தக் கரையில் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஆனால் ரேக் கணினியைக் கசக்கிப் பிழியும். ஒவ்வொரு பெட்டியையும் அழகாக வரைய வேண்டும், ஒவ்வொரு கேபிளையும் நொடிக்கு 44,100 தடவை கணக்கிட வேண்டும். பழைய லாப்டொப்பில் விசிறி இரையத் தொடங்கிவிடும், பற்றரி சீக்கிரம் வடியும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டப்பட்ட நாட்டில், பற்றரி வடிகிற மென்பொருளில் ஒரு வாத்தியத்தைக் கட்டி வைப்பது சரிவராது. பியுர் டேட்டா வேறு மாதிரி. மில்லர் பக்கெட் 1996இல் எழுதிய அந்த மென்பொருளுக்கு வெள்ளைத் திரையில் கறுப்புப் பெட்டிகள் போதும். உள்ளங்கை அளவுள்ள ராஸ்பெரி பை கணினியிலும் ஓடும். ஆகவே உடுக்கு அங்கே குடிபோக வேண்டியதாயிற்று.

இரண்டு மென்பொருளிலும் பெட்டி இருக்கிறது, கோடு இருக்கிறது. ஆனால் ரேக்கின் பைலை பியுர் டேட்டா திறக்காது. ரேக்கில் சுருதி வோல்ட்டில் ஓடுகிறது: சுழியம் வோல்ட் என்றால் 261.63 ஹேர்ட்ஸ், அதற்கு மேல் ஒரு வோல்ட் ஏறினால் ஒரு ஸ்தாயி. பியுர் டேட்டாவில் வோல்ட் என்று எதுவும் இல்லை, எல்லாம் வெறும் எண். ரேக்கில் ஒலி அலை கீழே ஐந்து வோல்ட்டுக்கும் மேலே ஐந்து வோல்ட்டுக்கும் நடுவில் ஆடும். இங்கே கீழே ஒன்றுக்கும் மேலே ஒன்றுக்கும் நடுவில். இதை மறந்து பேட்சைக் கொண்டுபோனால் ஒவ்வோர் இணைப்பும் ஐந்து மடங்கு முறுக்கிக்கொண்டு நிற்கும்.

சுருதிக்குக் கணக்கு எளிது. வோல்ட்டைப் பன்னிரண்டால் பெருக்கி அறுபதைக் கூட்டினால் மிடி எண், அதாவது சுரத்தின் எண், வரும். உடுக்கு தளர்ந்திருக்கும் நிலை ரேக்கில் 0.25 வோல்ட். அது மிடியில் 63, காதில் 311 ஹேர்ட்ஸ். கயிற்றை அழுத்தும்போது அரை வோல்ட் ஏறும். 69, அதாவது 440 ஹேர்ட்ஸ். இதுவரைக்கும் சிக்கல் இல்லை. சிக்கல் அந்த ஏற்றத்தை எந்த இடத்தில் கூட்டுகிறோம் என்பதில் இருக்கிறது. பியுர் டேட்டாவில் மிடி எண்ணை ஹேர்ட்ஸாக மாற்றும் பெட்டி ஒன்று உண்டு. அந்தப் பெட்டிக்கு முன்னால் ஆறு சுரத்தானம் கூட்டலாம். பின்னால் 129 ஹேர்ட்ஸ் கூட்டினாலும் 311, 440 ஆகத்தான் கேட்கும். எந்த வித்தியாசமும் தெரியாது. அதே பேட்சில் ஒரு ஸ்தாயி கீழே, பெரிய உடுக்கு ஒன்று செய்யும்போதுதான் குட்டு வெளிப்படும். 155.5 ஹேர்ட்ஸ் 220க்குப் போக வேண்டிய இடத்தில் 284ஐத் தாண்டி நிற்கும். கயிற்றை அழுத்தியது போல் இராது, தோல் கிழியும்படி இழுத்தது போல் இருக்கும். முதல் உடுக்கு சரியாகக் கேட்டது என்பதால் மாற்றம் சரி என்று ஆகிவிடாது. ரேக்கில் கேபிள் எதைச் சுமந்ததோ, சுருதியின் விகிதத்தையோ ஹேர்ட்ஸின் எண்ணிக்கையையோ, அதைத்தான் இங்கேயும் சுமக்க வேண்டும்.

அடுத்தது அடி. ரேக்கில் ஓர் அடி என்பது பத்து வோல்ட்டுக்கு எழுந்து ஒரு மில்லி செக்கனில் விழும் துடிப்பு. அதற்கு உயரமும் உண்டு, நீளமும் உண்டு. பியுர் டேட்டாவில் அடி என்பது ஒரு செய்தி. 'இப்போது' என்று மட்டும் சொல்லும், நீளம் கிடையாது. அதோடு அந்த மென்பொருள் ஒலியை 64 மாதிரிகள் (நொடிக்கு 44,100 தடவை எடுக்கும் அளவுகள்) கொண்ட கட்டுகளாகக் கணக்கிடுகிறது. ஒரு கட்டு ஏறத்தாழ 1.45 மில்லி செக்கன். சாதாரண என்வலப் பெட்டி கட்டின் தொடக்கத்தில்தான் எழும். மெதுவான இசைக்கு இது ஒரு பொருட்டில்லை. வழக்குரையில் வேகம் ஏறி உடுக்கு படபடவென்று பொழியும்போது, அடிகள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் தடுமாறுவது காதுக்கு எட்டிவிடும். இதற்கென்றே கட்டுக்கு நடுவிலும் சரியான கணத்தில் எழும் வேறொரு பெட்டியை பக்கெட் வைத்திருக்கிறார். அதைப் போட்டால் பொழிவு நேராகும்.

ஒலியை அதன் வாயிலேயே திருப்பி ஊட்டும் பேட்ச்களில் இந்தக் கட்டுக் கணக்கு இன்னும் கடுமையாகப் பிடிக்கும். ரேக்கில் ஒரு கேபிள் வழியே போகும் சிக்னல் ஒரு மாதிரி அளவுதான் தாமதிக்கும். பியுர் டேட்டாவில் அதே சுற்று குறைந்தது ஒரு கட்டு, 64 மாதிரி தாமதிக்கும். சூப்பர்கொலைடர் என்ற இன்னொரு மென்பொருளிலும் வழக்கமான அமைப்பில் அப்படித்தான். உடுக்கின் 'டக்'கில் ஒரு மரத்தன்மை வர வேண்டும் என்று ஒஸிலேட்டரைத் தன்னையே மாற்றும்படி திருப்பி இணைத்திருந்தால், மாற்றிய பிறகு மரம் போய்த் தகரம் வந்து உட்காரும். அந்தச் சுற்றை மட்டும் தனிப் பெட்டிக்குள் அடைத்து, அங்கே கட்டின் அளவை ஒன்றாகக் குறைத்தால் மரம் திரும்பும், செயலிக்குச் சுமையும் ஏறும். எங்கே சுமையைத் தாங்குவது, எங்கே தகரத்தைப் பொறுப்பது என்பதைக் காதுதான் தீர்மானிக்க வேண்டும்.

ஒரே ஆள் எழுதிய இரண்டு மென்பொருளுக்கு நடுவிலும் இந்தப் பாடு உண்டு என்பதுதான் வியப்பு. பாரிஸின் இர்காம் இசை ஆய்வு நிலையத்தில் 1980களில் மேக்ஸை எழுதியவரும் இதே பக்கெட்தான். பெட்டிகள் அண்ணன் தம்பி போல இருக்கும். ஆனால் ஒரு பெட்டியிலிருந்து இரண்டு கோடுகள் பிரிந்தால் எதற்கு முதலில் செய்தி போகும்? மேக்ஸில் திரையில் வலப்பக்கம் இருப்பதற்கு. பெட்டியைச் சுட்டியால் பிடித்து இடப்பக்கம் நகர்த்தினால் இசையே மாறலாம். பியுர் டேட்டாவில் எந்தக் கோட்டை முதலில் போட்டோமோ அதற்கு, திரையைப் பார்த்து அது தெரியாது. உடுக்கில் சுருதி முதலில் வந்து அடி பின்னால் வர வேண்டும். மாறினால் ஒவ்வோர் அடியும் முந்தைய அடியின் சுருதியில் விழும். வரிசையைக் கட்டாயமாக நிறுத்தும் பெட்டி இரண்டிலும் இருக்கிறது. இடம் மாறப்போகிற பேட்சில் அதைத் தொடக்கத்திலேயே போட்டு வைப்பது நல்லது.

இந்தத் தொல்லையை மென்பொருள் கொண்டுவந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். 1960களில் சிந்தசைசர் செய்த ரொபேர்ட் மூக் ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட் என்று வைத்தார். டொன் புக்லாவின் கருவிகளில் அது 1.2 வோல்ட் ஆனது. மூக்கின் பழைய கருவிகளில் அடி என்பது வோல்ட்டேஜ் எழுவதே அல்ல, கம்பியைத் தரையோடு சேர்ப்பது. அப்படி ஒரு மூக் 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தது. அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர் அதற்கான ஸ்டூடியோவை நிறுவிக் கொடுத்தார். 1940களில் நியூயோர்க்கில் இசையமைப்பாளர் ஜோன் கேஜுக்கு இந்திய இசை கற்பித்த கீதா சாராபாய் அங்கே வேலை செய்தார். எஸ். சி. சர்மா, ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், கட்டடக்கலை மாணவராக இருந்த ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரும் அந்தக் கருவியில் இசை செய்தார்கள். அவர்களுடைய ஒலிநாடாக்களை நிறுவனத்தின் காப்பகத்தில் பிற்காலத்தில் கண்டெடுத்தவர் பிரித்தானிய இசைக்கலைஞர் போல் பர்கஸ். 2023இல் அவை இசைத்தட்டாக வெளிவந்தன. தென்னாசியாவில் மொடியூலர் இசை தொடங்கிய இடம் எது என்று கேட்டால் கைகாட்ட இன்று ஒரு சான்று இருக்கிறது. இது சாதாரணப் பேறு அல்ல. ஆனாலும் நாடாவில் ஒலி மட்டும்தான் பதியும். கேபிள் எந்தத் துளையிலிருந்து எந்தத் துளைக்குப் போனது, குமிழ் எந்த அளவில் நின்றது என்பது நாடாவில் ஏறாது. அந்தப் பேட்சுகளை ரேக்கிலோ வேறெதிலோ மறுபடி கட்ட நினைக்கிறவர் ஒலியைக் கேட்டுத்தான் ஊகிக்க வேண்டும்.

வேறொரு வழியும் இருக்கிறது. பிரெஞ்சு இசையமைப்பாளர் பிலிப் மனூரி புல்லாங்குழலுக்கும் கணினிக்கும் எழுதிய 'ஜூப்பிட்டர்' 1987இல் இர்காமின் 4எக்ஸ் என்ற இயந்திரத்தில் பிறந்தது. அந்த இயந்திரம் போயிற்று, அதற்குப் பின் வந்ததும் போயிற்று. பக்கெட் அதையும் அது போன்ற வேறு சில படைப்புகளையும் பியுர் டேட்டாவில் மறுபடி கட்டிப் பொதுவில் வைத்தார். அதில் அவர் கவர்ச்சியான புதுப் பெட்டிகளைத் தேடிப் போகவில்லை. எந்தக் காலத்திலும் கிடைக்கக்கூடிய, யாரும் திரும்ப எழுதக்கூடிய எளிய பெட்டிகளை நம்பினார். பேட்சை இடம் மாற்றுகிறவர்கள் எல்லோரும் படிக்க வேண்டிய வேலை அது. ரேக்கிலேயே பார்க்கலாம்: 2021இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது, முதல் பதிப்புக்கு எழுதிய மொடியூல்கள் திருத்தப்படாமல் அதில் திறக்கவில்லை. அபூர்வமான ஒரு மொடியூலின் தலையில் முழு வாத்தியத்தையும் ஏற்றி வைத்தவர்கள், அதை எழுதியவர் திருத்தித் தரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

கிழக்கு மண்ணுக்கு இந்த இடமாற்றம் புதிதாகத் தெரியக்கூடாது. வட்டக்களரியில் நாலு பக்கமும் சனம் சூழ, விடியவிடிய ஆடிய மட்டக்களப்புக் கூத்தை 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ஒரு பக்கம் மட்டும் பார்க்கிற படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்'. மட்டக்களப்பைச் சேர்ந்த சி. மௌனகுரு அந்த முயற்சியில் கூடவே நின்றவர். இரவு முழுக்க நீண்டது சில மணிக்குள் சுருங்கியது, ஆட்டக்காரர் திரும்பும் திசை மாறியது. மத்தளமும் தாளக்கட்டும் ஆட்டமும் கூடவே வந்தன. எது மாறலாம், எது மாறினால் கூத்து கூத்தாக இராது என்பதை ஆட்டம் தெரிந்தவர்கள் உட்கார்ந்து முடிவுசெய்திருக்கிறார்கள். பேட்சை மாற்றுகிறவருக்கும் அந்த முடிவுதான் வேலை. வோல்ட்டை எண்ணாக்குவது அதற்குப் பிறகு வருகிற கூலி வேலை.

அந்த முடிவைக் காகிதத்தில் எழுதி வைக்கலாம். உடுக்குக்கு எழுதிய தாள் ஒற்றைப் பக்கம்தான். எந்த மென்பொருளின் பெயரும் அதில் இல்லை. அடி விழுந்தால் முதலில் சுருதி, பிறகு என்வலப். கயிறு அழுத்தினால் ஆறு சுரத்தானம் ஏற வேண்டும், அந்த ஏற்றம் விகிதமாக இருக்க வேண்டும், ஹேர்ட்ஸாகக் கூட்டக் கூடாது. 'டக்'குக்கு இரைச்சல் ஐந்து மில்லி செக்கன். 'ஊம்' அடங்க முந்நூறு. திருப்பி ஊட்டும் சுற்று ஒரு மாதிரித் தாமதத்தில் ஓட வேண்டும். முடியாவிட்டால் அதை அடியோடு விட்டுவிடலாம், உடுக்கு சாகாது. வளைவை மட்டும் எதற்காகவும் விடக்கூடாது. தாளோடு பத்து செக்கன் ஒலிப்பதிவு ஒன்றும் இருக்கிறது. புதிய இடத்தில் கட்டிய பேட்சை அதற்குப் பக்கத்தில் ஓடவிட்டுக் கேட்டால் எண்கள் மறைக்கிற பிழையும் காதில் விழுந்துவிடும். இந்தத் தாளையும் பதிவையும் வைத்துக்கொண்டு சூப்பர்கொலைடருக்கு மாற்றியபோது ரேக்கின் பைலைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

அடுத்ததாக எழுதத் தொடங்கியிருப்பது றபான் என்ற பறைக்கான தாள். கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றக் காலத்தில் பக்கீர் பாவாக்களின் கையில் ஒலிக்கும் றபானுக்குக் கயிறு இல்லை, வளைவும் இல்லை. அதன் சுருதியை வெயிலும் ஈரக் காற்றும் மாற்றும். நெருப்பில் தோலைக் காய்ச்சி இறுக்குவார்கள். ஒருவர் முன்னால் அடிக்க மற்றவர்கள் அவரோடு சேர்ந்துகொள்வார்கள், அந்தச் சேர்க்கையில் சிறு முன்பின் இருக்கும். உடுக்கில் வேண்டாம் என்று துரத்திய மில்லி செக்கன் தடுமாற்றம் இங்கே வேண்டும். எவ்வளவு வேண்டும், யாருடைய கை யாருடைய கைக்குப் பின்னால் வர வேண்டும் என்பதை இன்னும் கேட்டுத்தான் எழுத வேண்டும். தாளில் அந்த இடம் காலியாக விடப்பட்டிருக்கிறது.