உப்பு காயாத ஊர்

ஜெட் ஸ்கியோடு வரும் கையேட்டில் குளிர்காலத்துக்கு முன் செய்ய வேண்டியவை என்று ஒரு பகுதி உண்டு. கனடா போன்ற நாடுகளில் அதைத் தவிர்க்கவே முடியாது. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு பெருக்கும். எஞ்சினுக்குள் தங்கிய நீர் அப்படிப் பெருத்தால் அலுமினிய பிளாக்கே விரிசல் விடும். அதனால் உறையாத திரவம் ஒன்றை உள்ளே ஓடவிட்டுத்தான் வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளிப் பூட்டுகிறார்கள்.

பினாங்கில் அந்தப் பகுதியை யாரும் புரட்டுவதில்லை. "நமக்கெங்க பனி?" என்பார்கள். நியாயம்தான். ஆனால் அந்தப் பக்கங்கள் பனியைப் பற்றி மட்டும் பேசவில்லை. மாதக்கணக்கில் ஓடாமல் கிடக்கும் எஞ்சினைப் பற்றியும் பேசுகின்றன. நம்மைப் பொறுத்தவரை அதுதான் முக்கியம்.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் இருப்பதால் அதற்கு முன்பே கசியத் தொடங்கிவிடும். அம்மா உப்பு ஜாடியில் நாலு அரிசி போட்டு வைப்பது இதற்குத்தான். பினாங்கின் ஈரப்பதம் பெரும்பாலும் 80-ஐ ஒட்டியே இருப்பதால் எஞ்சினுக்குள் படிந்த உப்பு இங்கே காய்வதே இல்லை. குளிரில் மெதுவாக நடக்கும் அரிப்பு, இந்த வெக்கையில் வேகமாக நடக்கும்.

யமஹா, கவாசாகி வண்டிகளில் கடல்நீர் நேராக எஞ்சினுக்குள் ஓடித்தான் சூட்டைத் தணிக்கிறது. சீ-டூவில் எஞ்சினுக்குத் தனி கூலண்ட் உண்டு. ஆனால் புகைப்பாதையைக் குளிர்விப்பது அங்கேயும் கடல்நீர்தான்.

பைராம் தோட்டத்தில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர், பத்து பெரிங்கியில் வாடகைக்கு விடலாம் என்று சேமிப்பைப் போட்டுப் பழைய ஜெட் ஸ்கி ஒன்று வாங்கினார். மழை மாதங்களில் அது வீட்டு போர்ச்சில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. பிறகு ஸ்டார்ட் செய்தால் 'டக்' என்ற சத்தம் மட்டும்தான். மெக்கானிக் பிளக்கைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். சிலிண்டர் சுவரெல்லாம் துரு, ரிங் ஒட்டிக்கொண்டிருந்தது. "இது ஓடிக் கெடல தம்பி, படுத்துக் கெட்டது" என்றார் என்னிடம். அந்த ஆண்டு வாடகைக் காசு எஞ்சினுக்கே போனது.

இதைத் தவிர்க்க ஒரு பிற்பகல் போதும். பைப்பை மாட்டி நல்ல தண்ணியில் உள்ளே கழுவ வேண்டும். வரிசை முக்கியம்: முதலில் எஞ்சின், பிறகு குழாய், நிறுத்தும்போது முதலில் குழாய், சில விநாடிகளில் எஞ்சின். மாற்றிச் செய்தால் தண்ணீர் புகைப்பாதை வழியாக சிலிண்டருக்குள் ஏறிவிடும். தண்ணீரை அமுக்க முடியாது. அடுத்த ஸ்டார்ட்டில் கனெக்டிங் ராடே வளையலாம்.

பிறகு பிளக் துளை வழியாகப் பாதுகாப்பு எண்ணெய் அடிக்க வேண்டும். பின்பக்க அடைப்பான்களைத் திறந்து, முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்தால் தேங்கிய தண்ணீர் வடிந்துவிடும். பேட்டரியைக் கழற்றி மாதம் ஒருமுறை சார்ஜ் போட வேண்டும். வெப்பம் 10 பாகை கூடினால் சும்மா கிடக்கும் பேட்டரி ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக இறங்கும். தார்ப்பாயை இறுக்கிக் கட்டினால் உள்ளேயே வியர்க்கும். சீட்டைச் சற்றுத் தூக்கி வைத்துக் காற்றுப் போக விட வேண்டும். இதில் பெரும்பாலானவை அந்தக் குளிர்காலப் பக்கங்களிலேயே இருக்கின்றன.

பொறியியல் படித்தபோது எங்கள் பாடநூல்களும் பெரும்பாலும் குளிர்நாட்டில் எழுதப்பட்டவைதான். அவற்றை அப்படியே விழுங்குவோம், இல்லையென்றால் நமக்கில்லை என்று ஒதுக்குவோம். எந்த வரி பனிக்கு, எந்த வரி உப்புக்கு என்று பிரித்துப் பார்த்து, கடற்கரையில் வண்டி விடும் பையன்களுக்கு அவர்கள் பேச்சில் சொல்வது படித்தவன் வேலை.