குறிபார்க்கும் உரிமை

ஒரு காலத்திற் போர்க்கருவியாயிருந்தது பிறிதொரு காலத்தில் விளையாட்டுக் கருவியாவது உலகிற் புதுமையன்று. வில்லும் ஈட்டியும் வாளும் இவ்வழியாகவே களத்திலிருந்து மைதானத்துக்கு வந்தன. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட படைத் துவக்குகளும் இன்று அவ்வரிசையிற் சேர்ந்துள்ளன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓய்வுநாட்களில் மக்கள் கூடி, குழலின் வாய்வழியே மருந்திட்டு இடிக்கும் பழைய வகை றைபிள்களால் கடதாசி இலக்குகளைச் சுடுகின்றனர். நமது வன்னிக் கிராமங்களில் இடியன் துவக்கு என வழங்குவது எதுவோ, அதன் இனத்தைச் சேர்ந்தவையே அவை.

அசல்கள் அருகிவிட்டன, ஆகவே நகல்கள் செய்யப்படுகின்றன. இத்தாலியிலே பிரெசியா நகருக்கு அண்மையிலுள்ள கார்தோனே பள்ளத்தாக்கு, பல நூற்றாண்டுகளாகத் துவக்குக் குழல் செய்வோரின் ஊர். அங்கே 1957இல் தொடங்கப்பட்ட பெதெர்சோலி போன்ற நிறுவனங்கள் பழைய துவக்குகளைப் புதிதாகச் செய்து உலகெங்கும் அனுப்புகின்றன. இவ்விளையாட்டுக்கென 1971இல் அமைக்கப்பட்ட சர்வதேசச் சம்மேளனம் ஒன்றும் உண்டு. அதன் போட்டிகளில் ஒருவர் 30 நிமிடங்களுக்குள் 13 வெடிகள் சுடலாம். அவற்றுட் சிறந்த 10 மட்டுமே கணக்கிற் கொள்ளப்படும்.

இதனைப் பணம்படைத்தோரின் வீண்பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை. மருந்தை அளந்து ஊற்றி, சன்னத்தைக் கோலால் இறுக்கி, சிறிய செப்புத்தொப்பியைப் பொருத்தி, மூச்சை அடக்கிக் குறிபார்க்கவேண்டும். சுட்டபின் வெண்புகை கலைய வேண்டும். கரிபடிந்த குழலைத் துடைக்கவேண்டும். அவசரக்காரனுக்கு இங்கே இடமில்லை. நாள்முழுதும் இயந்திரத்தின் வேகத்துக்கு ஈடுகொடுத்துக் களைத்த மனிதன், தன் கையின் நிதானத்தைத் தானே சோதித்துப் பார்ப்பதில் இன்பங் காண்பது இயல்பே.

எனினும், இந்நகல்களுட் பெரிதும் விரும்பப்படும் ஒன்றை நோக்கும்போது நம் சிந்தனை வேறொரு திசையிற் செல்கிறது. அதுதான் 1853ஆம் ஆண்டின் என்பீல்ட் றைபிள். 39 அங்குல நீளமுடைய அதன் குழலின் உட்புறத்தில், திருகுபோல வளைந்து செல்லும் மூன்று வரிகள் வெட்டப்பட்டிருந்தன. சுடும்பொழுது, ஈயச் சன்னத்தின் குழிந்த அடிப்பாகம் விரிந்து அவ்வரிகளைப் பற்றும். சன்னம் சுழன்றுகொண்டே நேராகச் செல்லும். வரியற்ற பழைய துவக்கோ நூறு யாருக்கு அப்பால் ஒரு மனிதனைத் தாக்குமென்று உறுதிகூற இயலாதது. இவ்வரிகளே அக்கருவியின் உயிர். அவற்றினாலேதான் இன்றைய விளையாட்டுக்காரனுக்கு அது இன்பந் தருகிறது.

இதே துவக்கின் தோட்டாவே 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குத் தீப்பொறியாயிற்று. நம் வகுப்பறைகளில் இப்பகுதி வரும்போதெல்லாம், “தோட்டாவை ஏன் கடிக்கவேண்டும்?” என்று மாணவர் கேட்பர். மருந்தும் சன்னமும் கொழுப்புத் தடவிய ஒரு கடதாசிச் சுருளுக்குள் இருந்தன. ஒரு கையில் துவக்கைப் பிடித்த வீரன் அச்சுருளைப் பல்லாற் கிழித்தே மருந்தை ஊற்றினான். அக்கொழுப்பு பசுவினதும் பன்றியினதும் என்ற செய்தி பரவியது. மீரட்டில் தோட்டாக்களைத் தொட மறுத்த 85 குதிரைவீரர் 1857 மே 9ஆம் நாள் படையினர் முன்னிலையில் விலங்கிடப்பட்டனர். மறுநாட் கிளர்ச்சி வெடித்தது. இதனை வெறும் மதநம்பிக்கையின் கலகமாகக் கூறி முடித்துவிடுவது ஆள்வோருக்கு வசதியாயிருந்தது. அவ்வாண்டிலேயே நியூயோர்க் பத்திரிகையொன்றில் இதனைப்பற்றித் தொடர்ந்தெழுதிய கார்ல் மார்க்ஸ், பிரித்தானிய ஆட்சியின் சுரண்டலிலும் கொடுமையிலும் அதன் வேர்களைக் கண்டார்.

கிளர்ச்சி அடக்கப்பட்டபின் நிகழ்ந்ததை நமது பாடநூல்கள் பெரும்பாலும் கூறுவதில்லை. இந்தியச் சிப்பாய்களுக்கெனத் தனித் துவக்கு வகுக்கப்பட்டது. தோற்றத்தில் அது என்பீல்டேதான். ஆனால் குழலின் உள்ளே வரிகள் இல்லை. தொலைதூரத்துக்கு ஏற்றி இறக்கும் குறிகாட்டியும் நீக்கப்பட்டு, அசையாத சிறு கட்டையொன்று வைக்கப்பட்டது. சிப்பாய் தன் எசமானனுக்காகச் சுடவேண்டும்; ஆனால் எசமானனைவிடத் துல்லியமாகச் சுட்டுவிடக்கூடாது!

அதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் நடந்தது என்ன? 1859இல் தொண்டர் படை இயக்கம் தோன்றியது. தத்தம் ஆயுதத்தையும் உடையையும் தாமே வாங்க வல்ல நடுத்தர வகுப்பினரே ஆரம்பத்தில் அதிற் பெரும்பான்மையினர். மறுவருடம் யூலை 2ஆம் நாள், விம்பிள்டன் வெளியில் தேசிய றைபிள் சங்கத்தின் முதற் போட்டி ஆரம்பமாயிற்று. முன்னரே குறிபார்த்து நிலையாகப் பொருத்தி வைக்கப்பட்டிருந்த றைபிளின் விசையை விக்டோரியா மகாராணி ஒரு பட்டுக்கயிற்றால் இழுத்தார். 400 யாருக்கு அப்பாலிருந்த இலக்கின் நடுப்பகுதியிற் சன்னம் பாய்ந்தது. அத்தொண்டர்களின் சஞ்சிகையிலே பிரெடறிக் ஏங்கல்ஸ் றைபிளின் வரலாற்றைத் தொடராக எழுதினார் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. கருவியின் வரலாறு சமுதாய வரலாற்றின் ஓர் அங்கம் என்பதை அவர் நன்கறிவார்.

ஆகவே, ஒரு சாராருக்குத் துல்லியம் விளையாட்டாகப் பழக்கப்பட்ட காலத்திலேயே, மற்றொரு சாராரிடமிருந்து அது குழலின் உள்ளிருந்தே அகற்றப்பட்டது. 1878ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டம் இதனை மேலும் விரித்தது: இந்தியன் துவக்கு வைத்திருக்க அனுமதிப்பத்திரம் பெறவேண்டும், ஐரோப்பியனுக்கு அது வேண்டியதில்லை.

இதனாற் கார்தோனேயின் தொழிலாளியை நாம் குறைகூறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நூறு மீற்றர் தூரத்து இலக்கைச் சுட்டு மகிழ்பவனையும் குற்றவாளியாக்கவில்லை. அவன் சுடுவது கடதாசியைத்தான். ஆனால் அவன் கையிலுள்ள நகலின் மரமும் இரும்பும் ஒரு பாதி வரலாற்றை மட்டுமே கூறுகின்றன. மறுபாதி, வரியில்லாத குழலோடு அணிவகுத்து நின்ற சிப்பாய்க்கு உரியது. என்பீல்ட் துவக்கை மாணவருக்கு விளக்கும்போது, கொழுப்புத் தோட்டாவோடு பாடத்தை நிறுத்திவிடாது, அந்த மூன்று வரிகள் யாருக்குக் கொடுக்கப்பட்டன, யாருக்கு மறுக்கப்பட்டன என்பதையும் நாம் கூறவேண்டும். அதன்பின் அவர்கள் எந்தக் கருவியைக் கண்டாலும் இதே கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொள்வர்.